மேல்தட்டில் இருக்கைகள் உண்டு

மார்ச் 4
டிக்கெட் அறை

தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் "சிக்னல் இல்லைக்கா" என்று நடுவில் வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உன் கம்பெனியின் பயண அட்டவணை எங்கள் டிக்கெட் ஜன்னலிலேயே ஒட்டியிருக்கிறது. நாடகம் ஒரு ஊரில் நடக்கும்போது நீ அடுத்த ஊர் அரங்கைத் தயார் செய்துகொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அந்த அடுத்த ஊரின் மேடைக் கதவுக்குத்தான் இதை அனுப்புகிறேன். முழுவதும் படி. பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைக்காதே.

ஜூன் மாதம் வரப்போகிற பெரிய இசை நாடகத்துக்காக உங்கள் கம்பெனி அனுப்பிய வரைபடம் இன்று காலை வந்தது. நம் அரங்கை நெடுக்காக வெட்டி வரைந்த படம். கீழ்த்தளம் சரி. நடுமாடி சரி. மேடையின் ஆழம்கூடச் சரி. மேல்தட்டு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் "பழைய சாமான் அறை" என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து. 'ழ'வுக்கு நீ இழுக்கிற வாலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

சாமான் அறையா? நான்கு வருஷமாக அங்கே ஆட்கள் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார்கள். நான்தான் பெஞ்சுகளைக் கழுவி, அப்பா அடித்த கைப்பிடியை இறுக்கி, தீயணைப்புத் துறைக்காரர்களைப் படியேற்றிக் காட்டி, அனுமதி வாங்கித் திறந்தேன். சந்துப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வருகிறவர்களுக்கு ஊரிலேயே மலிவான டிக்கெட். பணம் குறைந்தவர்களை மேல்தட்டு மக்கள் என்று சொல்கிற ஒரே இடம் நம் அரங்கம்தான்.

நீ சாமான் அறை என்று எழுதிவிட்டாய். சாமான்களுக்கு மேடை தெரிய வேண்டியதில்லை. அதனால் உங்கள் ஒலிக்காரர் மேடைக்கு முன்னால், நட்டநடுவே, ஒரு ஸ்பீக்கர் கொத்தைத் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறார். அதற்குப் பின்னால் மேடை முகப்பில் கிரீடம் வைத்த தங்கநிறச் சட்டம் வேறு. மேல்தட்டில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரின் மண்டையும் கிரீடத்தின் நெற்றியும்தான் தெரியும். அவற்றுக்குக் கீழே யாரோ பாடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள்: "மேல்தளம் விற்பனைக்கு இல்லை." படம் சரியாக இருக்கிறது என்று அரங்க நிர்வாகி நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

நீ வந்து அளக்கவில்லை. ஊருக்குள் வந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா கிழிந்த திரைகளையும் கால் உடைந்த நாற்காலிகளையும் அங்கே ஏற்றிவைப்பாரே, அதை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்துவிட்டாய். அரங்கத்துத் தச்சருடைய மகன் அளவுநாடாவைத் தொடாமல் அரங்கத்தை வரைகிறான். அப்பா இருந்திருந்தால் கொட்டாப்புளியாலேயே உன் மூக்கை உடைத்திருப்பார்.

படத்தைத் திருத்தச் சொல். ஸ்பீக்கரைத் தூக்கச் சொல். பதில் எழுது.

அக்கா


மார்ச் 13
லாரி நிறுத்துமிடம்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இந்த ஊர்க் காவலாளி எல்லார் முன்னாலும் கொடுத்தார். "என்னப்பா, காதல் கடிதமா?" என்று சிரித்தார்கள். "எங்க அக்கா" என்றேன். சிரித்தவர்கள் லாரியில் சாமான் ஏற்றப் போய்விட்டார்கள். உன் புகழ் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

ஆமாம், நினைவிலிருந்துதான் வரைந்தேன். அந்தக் கட்டடத்தில்தான் நான் நடை பழகினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேடையின் அகலத்தைச் சொல்வேன். மேடை அளவு சரியாக இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். மேல்தட்டைத் திறந்தது எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாயா? ஊரில் எது நடந்தாலும் எனக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். தெரியவில்லை என்பதற்குத் திட்டு மட்டும் முதலில் வரும்.

சரி, நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்கிறேன், நீ சொல். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெரு எப்படி இருந்தது? செருப்புக்கடை மூடிக் கிடந்தது. எதிர் ஹோட்டலின் மேல்மாடி முழுக்கப் புறா. அரங்கத்தின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து எரியாது. உள்ளே மழை பெய்தால் மூன்றாம் வரிசைக்காரன் குடை பிடிக்க வேண்டும். அப்போது எங்கள் கம்பெனி முதலாளியின் அறை வாசலில் காத்துக் கிடந்தது யார்? "அந்த ஊரா? அங்க யாருய்யா வருவா?" என்றார் அவர். "ஒரே ஒரு சின்ன நாடகம் போட்டுப் பாருங்க சார், கூட்டம் வரலேன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்று சொன்னது யார்?

போட்டார்கள். டிக்கெட் வரிசை தெருமுனை திரும்பிப் போனது. ஹோட்டலில் புறா போய் ஆள் வந்தது. கடைசி பஸ்ஸை நாடகம் முடிகிற நேரத்துக்கு மாற்றினார்கள். கூரை போட்டார்கள், வர்ணம் அடித்தார்கள், நாற்காலிகளுக்கு மெத்தை வந்தது. இதெல்லாம் உன் உள்ளூர் நாடகக் குழு செய்ததா? வெளியூர் இசை நாடகங்கள் செய்தன. அவற்றை அங்கே இழுத்துவந்தது நான். ஒரு நன்றி எழுதினாயா? மேலே நாலு பெஞ்சு மறைக்கிறது என்று கத்துகிறாய்.

ஒலிக்காரரிடம் கேட்டுப்பார்க்கிறேன். எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 21
டிக்கெட் அறை

தம்பிக்கு,

சொல்லவில்லையா? மேல்தட்டைத் திறந்த அன்றே உனக்குப் போட்டோ அனுப்பினேன். பெஞ்சு நிறைய ஆட்கள், நடுவில் நான், பின்னால் அப்பா அடித்த கைப்பிடி. நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். படத்தைப் பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்துகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

நன்றி வேண்டுமா, இந்தா. உன் நாடகங்கள் வந்ததால்தான் கூரை ஒழுகவில்லை. அதை நான் மறுக்கவில்லை. டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே வரிசையைப் பார்த்த முதல் நாள், சந்தோஷத்தில் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். போதுமா? இப்போது நீ கேள்.

உன் கம்பெனி வருவதற்கு முந்தின வருஷம் கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காக அரங்கத்தை இடிக்க இயந்திரம் வந்தது. அது உனக்குத் தெரியும். அன்று நீ போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "செத்த கட்டடத்துக்குக் காவல் இருக்காதேக்கா." வாசலில் வந்து நின்றது யார் என்று நீ கேட்கவே இல்லை. நிர்வாகக் குழுத் தலைவர் வரவில்லை. ஹோட்டல்காரர் கடையை மூடிவிட்டு உள்ளே இருந்தார். சலவை நிலையத்தில் வேலை பார்க்கிற அம்மா வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை முடிந்து சீருடையோடு வந்தார். பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், மேல்தட்டு முதல் பெஞ்சின் ஓர இடம் அவருடையது, அவர் லீவு போட்டுவிட்டு வந்து இயந்திரத்துக்கு முன்னால் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தார். எல்லாரும் மேல்தட்டுக்காரர்கள். இயந்திரம் திரும்பிப் போனதும் அவரவர் வேலைக்குப் போனார்கள். உன் கம்பெனி வந்து இறங்கியது அவர்கள் காப்பாற்றி வைத்த கட்டடத்தில்.

அவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள் என்று நினைக்காதே. நடிகரின் குரல் மேலே எட்டவில்லை என்றால் பெஞ்சுப் பலகையை முழங்கையால் இரண்டு தட்டு தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளூர் நடிகர்கள் உடனே குரலை உயர்த்துவார்கள். நம் ஊரில் யாரும் வசனத்தை மென்று விழுங்குவதில்லை. அதற்குக் காரணம் அந்த முழங்கைகள்தான்.

நேற்று நிர்வாகக் குழுத் தலைவரிடம் இதைக் கொண்டுபோனேன். அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "கேட்கும் இருக்கைன்னு பேர் வெச்சு வித்துடலாமே? பாட்டு நல்லா கேட்கும்ல?" என்றார். பார்க்க முடியாத நாடகத்துக்கு டிக்கெட்! பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கும்போது மட்டும் "இந்த அரங்கம் மக்களுடையது" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார். காரியம் ஆகிற வரைக்கும் மக்கள், ஆன பிறகு கறிவேப்பிலை.

ஒலிக்காரர் என்ன சொன்னார்?

அக்கா


ஏப்ரல் 2
மேடைக்குப் பின்புறம்

அக்காவுக்கு,

ஒலிக்காரர் சிரித்தார். "பத்து ஊருக்கும் ஒரே தொங்கல். உங்க அக்காவுக்காக ரெண்டாவதா ஒண்ணு புதுசா தொங்கவிடணுமா?" என்றார். முகப்புச் சட்டத்தைப் பற்றி வடிவமைப்பாளரிடம் கேட்டேன். கிரீடத்தில் கை வைத்தால் நாடகமே போய்விடும் என்கிறார். நாடகத்தில் ராஜாவே கிடையாது, கிரீடம் மட்டும் இருக்கிறது. அது எனக்கும் புரியவில்லை, விடு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படத்தின் அடியிலும் "நேரில் அளந்தது" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே என் பெயர். நான் நேரில் அளக்கவில்லை என்று தெரிந்தால் இந்த வேலை போய்விடும். வேறு எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. இந்தத் தொழிலில் அளவு தப்பினால் மேலேயிருந்து இரும்பு விழும் என்பார்கள், அதனால் அளக்காதவனை யாரும் மன்னிப்பதில்லை. அது நியாயமும்தான்.

அதனால் கேட்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. மூன்று வாரம்தானே, அக்கா. நாடகம் போனதும் மேல்தட்டைத் திறந்துகொள். தேவையானால் மேலே ஒரு டி.வி. வைத்து நாடகத்தை அதில் காட்டலாம், நான் ஏற்பாடு செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. எந்த ஊரிலாவது நான் தயார் செய்த மேடையை வந்து பார்த்தாயா? உனக்கு உன் கட்டடம் ஒன்றுதான் உலகம். நான் செய்கிற வேலை உனக்குத் தப்பு செய்யும்போதுதான் கண்ணில் படுகிறது.

தம்பி


ஏப்ரல் 10
டிக்கெட் அறை

தம்பிக்கு,

மூன்று வாரமா? உன் நாடகம் போனதும் இன்னொரு கம்பெனி வரும். அதன் கையில் இதே படம் இருக்கும். அதற்கு அடுத்ததிடமும் இருக்கும். ஒரு முறை சாமான் அறை என்று ஊரெல்லாம் பரவிவிட்டால் அது சாமான் அறைதான். கூட்டம் வர வர மேல்தட்டு மூடும். கட்டடம் பிழைக்கும், அதைப் பிழைக்கவைத்தவர்கள் சந்தில் நிற்பார்கள். டி.வி. வைக்கிறாயாம். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லையா?

மேல்தட்டுக்காரர்களிடம் நானே சொன்னேன். வேறு யார் வாயிலாவது கேட்டு வருத்தப்படக் கூடாது என்று நினைத்தேன். அவர்கள் ஐயோ பாவம் என்று நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் நான்தான் முட்டாள். என்னைத்தான் கிழித்தார்கள். "நாங்க ரோட்டுல நின்னப்ப உங்க கண்ணுக்குத் தெரிஞ்சோம். இப்ப எங்களுக்குக் கண்ணே வேணாமா?" என்றார் பஸ் டிரைவர். ஜூன் மாதத்துக்காக நர்ஸ் முன்கூட்டியே வேலை நேரம் மாற்றி வைத்திருந்தாராம், அதைத் திரும்ப மாற்றிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஹோட்டல்காரர் வந்தார். நான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறேன் என்று தலைவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "மூணு வாரம் ரூம் எல்லாம் புக் ஆகியிருக்கும்மா. மேல உக்கார்ற நாலு பேருக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிக்கிறீங்களா?" என்று வரவேற்பறையில் நின்று சத்தம் போட்டார். இயந்திரம் வந்த அன்று இந்தத் தொண்டை எங்கே போயிருந்தது என்று கேட்டேன். கதவை அறைந்துவிட்டுப் போனார். அது புதுக் கதவு.

உன் மேடையை வந்து பார்க்கவில்லை என்கிறாய். உண்மைதான். நீ என்னைக் கூப்பிடவில்லை என்பதும் உண்மைதான். அம்மா காரியத்துக்கு வந்து போன பிறகு இந்த ஊர்ப் பக்கம் நீ தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாடகம் வந்தபோதெல்லாம் வேறு ஆளை அனுப்பினாய். இந்த முறை எங்களுக்கு அளவெடுக்க வர வேண்டிய வாரத்தில் நேராக அடுத்த ஊருக்குப் போய்விட்டாய். என்னைப் பார்க்கக் கூசியதா, கட்டடத்தைப் பார்க்கக் கூசியதா?

உன் வேலை போகக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது. என் தம்பி நீ. ஆனாலும் இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

கையெழுத்து வரவில்லை என்றால் அந்த ஊரை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று முதலாளி இன்று சொல்லிவிட்டார். மே முதல் வாரம் வரை நேரம். நாடகம் வராது, என் வேலையும் இருக்காது, தெரு பழையபடி மூடும். மேல்தட்டில் உட்கார்ந்து உன் ஆட்கள் வெறும் மேடையை நன்றாகப் பார்க்கலாம். எதுவும் மறைக்காது.

கூசியதா என்று கேட்டாய். ஆமாம்.

தம்பி


மே 3
டிக்கெட் அறை

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மேல்தளம் விற்பனைக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். தலைவர் என் கையைக் குலுக்கினார். ஹோட்டல்காரர் பழக்கூடை அனுப்பினார். பழத்தை அப்படியே மேடை ஆட்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தேன். உன்னிடம் இரண்டு கேள்விகள். "விற்பனைக்கு இல்லை" என்றுதானே இருக்கிறது, யாரும் உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லையே? முதல் நாள் விருந்தினர்களை எங்கே உட்கார வைப்பது என்பது அரங்க நிர்வாகியின் பொறுப்பு என்று போட்டிருக்கிறதே, அது உண்மைதானா, வெறும் அலங்காரமா? அந்த அரங்க நிர்வாகி நான்தான் என்பது உனக்கு நினைவிருக்கும்.

வேறொன்றுமில்லை.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

நீ என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காததை நீயும் சொல்லாதே.

முதல் கேள்விக்கு: விற்கக் கூடாது, அவ்வளவுதான். விருந்தினர்கள் காசு கொடுப்பதில்லை. இரண்டாவதற்கு: அலங்காரம் இல்லை. எல்லா ஊரிலும் நிர்வாகிதான் இடம் ஒதுக்குவார், கம்பெனி தலையிடுவதில்லை.

முதல் நாளுக்கு முதலாளியே நேரில் வருகிறார். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. படிக்கட்டில் கைப்பிடி பலமாக இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 14
டிக்கெட் அறை

தம்பிக்கு,

கைப்பிடி பலமாகத்தான் இருந்தது. அப்பா அடித்தது.

விருந்தினர் அழைப்பைத் தடித்த அட்டையில் அச்சடித்தேன். தங்க ஓரம். "மேல்தளம், சந்து வாசல் வழியாக வரவும்." தலைவர் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். "இது ஏதோ தப்பா அச்சாகியிருக்கும்மா" என்றார். "தப்பே இல்லைங்க. கீழே எல்லாம் வித்தாச்சு. விக்கக் கூடாத இடம் மேலதான் இருக்கு. உங்ககிட்ட நாங்க காசு வாங்க முடியுமா?" என்றேன். பத்திரிகைக்காரர்கள் பக்கத்திலேயே நின்றதால் அவரால் சண்டை போட முடியவில்லை. சிரித்துக்கொண்டே சந்துக்குள் போனார். பின்னால் ஹோட்டல்காரர், அவர் பின்னால் நகர அலுவலர்கள், எல்லாருக்கும் கடைசியில் ஒரு கையால் முழங்காலையும் ஒரு கையால் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உன் முதலாளி. நான் கூடவே ஏறினேன். விருந்தினரை உட்கார வைப்பது என் பொறுப்பல்லவா?

வழக்கமாக விருந்தினர் உட்காருகிற நடு வரிசைகளை மேல்தட்டுக்காரர்களுக்கு மேல்தட்டு விலையிலேயே கொடுத்திருந்தேன். பஸ் டிரைவருக்கு அந்த மெத்தை பிடிக்கவில்லை. "கால் வைக்க இவ்ளோ எடமா? தூக்கம் வந்துடும் போலயே" என்று குறை சொன்னார். நர்ஸ் வந்திருந்தார். வேலை நேரத்தை மூன்றாவது முறையாக மாற்றியிருக்கிறார். இடைவேளை வரைக்கும் அவர் கண்ணை மேடையிலிருந்து எடுக்கவில்லை. நாடகம் நன்றாகத்தான் இருந்தது, தம்பி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடைவேளையில் தலைவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "ஒண்ணுமே தெரியலைம்மா! ஆடுறவங்க பாதம்கூடத் தெரியல. மனுஷன் உக்கார்ற எடமா அது?"

"பாட்டு கேட்டுதுங்களா?"

"கேட்டுது."

"அப்ப சரிதானே. கேட்கும் இருக்கை. நீங்க வெச்ச பேருதான்."

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதலாளி இறங்கவில்லை. முழங்கால் வலியில் மேலேயே உட்கார்ந்து, தன் நாடகத்தைத் தானே பார்க்க முடியாமல் இரண்டாம் பாதியையும் கேட்டு முடித்தார். எல்லாரும் போன பிறகு கேட்டார்: "இந்தப் படத்தை யார் வரைஞ்சது?" நான் பூசி மெழுகவில்லை. "என் தம்பி. நினைவிலேர்ந்து வரைஞ்சான். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டது நான். திட்டறதுன்னா ரெண்டு பேரையும் திட்டுங்க. ஆனா ஸ்பீக்கரை எடுக்கலேன்னா நாளைக்கு வர்ற விருந்தினரையும் இங்கதான் உக்கார வைப்பேன்." அவர் அந்தக் கிரீடத்தைக் கையால் காட்டினார். "கழட்டிடலாம்" என்றார். "இந்த ஊருக்கு மட்டும்."

அந்த வாரத்துக்குள் ஸ்பீக்கரை இரண்டாகப் பிரித்து ஓரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். சட்டத்தின் மேல்பகுதியைக் கழற்றினார்கள். கிரீடம் இப்போது சந்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது, நாடகம் அப்படியேதான் இருக்கிறது. இன்று மேல்தட்டு நிறைந்தது. தலைவர் பத்திரிகையில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "மேல்தட்டை மக்களுக்குத் திறந்துவிட நான் எடுத்த முயற்சி." எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. விளக்குகிறேன், நன்றாக விளக்குகிறேன்.

உன்னை என்ன செய்தார்கள்? அதை முதலில் எழுது. அப்புறம் இதற்கும் பதில் சொல். அவர் சொன்ன "இந்த ஊருக்கு மட்டும்" எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற ஊர்களில் என்ன, மேலே யாரும் உட்காருவதில்லையா? நீ இப்போது இருக்கிற ஊரும் பழைய அரங்கம்தான் என்று அட்டவணையில் படம் போட்டிருக்கிறது. அங்கே என்றாவது மேலே ஏறிப் பார்த்தாயா?

அக்கா


ஜூலை 2
மேடைக் கதவு

அக்காவுக்கு,

முதலாளி போனில் பேசிய வார்த்தைகளை எழுதமாட்டேன், தபால்காரர் கூசிப்போவார். வேலை போகவில்லை. இனி ஒவ்வொரு அரங்கத்தையும் இன்னொருவர் முன்னால் அளக்க வேண்டும், அவரும் கையெழுத்துப் போடுவார். எனக்கு அது கசக்கிறது. ஆனால் தப்பு என்று சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெயித்த பிறகும் இவளுக்கு ஓயவில்லையே என்று நினைத்தேன். இந்த ஊரை நான் நேரில் வந்து, நாடா பிடித்து, சுவர் சுவராக அளந்தேன். மேல்தளத்தில் "இருக்கைகள்" என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். எண்ணிக்கைகூட இருக்கிறது. அதனால் உனக்குப் பதில் எழுதி உன் வாயை மூட வேண்டும் என்பதற்காகவே, வழக்கம்போல அடுத்த ஊருக்குப் போகாமல் இங்கே ஒரு நாள் தங்கினேன். நேற்று நாடகம் தொடங்கியது. டிக்கெட் வாங்கி மேலே ஏறினேன். இத்தனை வருஷ வேலையில் மேலே உட்கார்ந்து ஒரு நாடகத்தையும் நான் பார்த்ததில்லை.

அதே ஸ்பீக்கர், அக்கா. அதே கிரீடம். உங்கள் ஊரில் கழற்றியதை இங்கே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். மேலே இடமே இல்லை, அவ்வளவு கூட்டம். எல்லாரும் காசு கொடுத்து வந்தவர்கள். கழுத்தை இந்தப் பக்கம் வளைத்தார்கள், அந்தப் பக்கம் வளைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் வளைப்பதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட எழுந்து கேட்கவில்லை. கீழே சிரித்தபோது எதற்கு என்று தெரியாமல் தாங்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நான் தப்பாக எழுதியதால் உங்கள் ஊரில் மறைத்தது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். யாரும் அதைப் படிக்கவில்லை. படமே தேவையில்லை அவர்களுக்கு. மேலே இருப்பவர்கள் எப்படியும் வாங்குவார்கள், எப்படியும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். நானும் ஊர் ஊராகப் போய் அதற்குக் கொக்கி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

முதலாளியைக் கூப்பிட்டேன். "அந்த ஊருக்கு மட்டும்னுதானேய்யா பேச்சு?" என்றார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேடை ஆட்கள் ஏணியைக் கொண்டுவருகிறார்கள். இன்று மாலைக்குள் ஸ்பீக்கரை ஓரத்துக்கு ஏற்றி, அந்தச் சட்டத்தை நானே இறக்கப்போகிறேன். அதற்கு என் பெயரில் கையெழுத்தும் போடுவேன். இந்த முறை வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். போனால் உன்னிடம் வருகிறேன், உன் அரங்கத்துக்கு ஒரு தச்சர் வேண்டாமா?

நேற்று நாடகம் முடிந்து இறங்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை வெளியே நிறுத்திக் கேட்டேன். "ஏம்மா, ஒண்ணுமே தெரியலையே, யார்கிட்டயாவது சொல்லலாமே?"

"விலை கம்மி டிக்கெட்தானேப்பா. இவ்ளோதான் தெரியும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"நாளைக்கு வாங்கம்மா. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன். காசு வேணாம்."

"பாத்த நாடகத்தை எதுக்குப்பா மறுபடியும்?"

"நீங்க இன்னும் பாக்கவே இல்லைம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்று தலையாட்டினார்.

தம்பி